விண்டோஸ் 10இலிருந்து 11க்கு: ஃபோர்மட் செய்யாமல் மாறுவது எப்படி?

விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் எனக்குத் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் இப்போது ஒரே கேள்விதான்: "விண்டோஸ் 11க்குத் தகுதியா என்று பார்க்கும் மைக்ரோசொஃப்டின் பிசி ஹெல்த் செக் போட்டுப் பார்த்தேன், தகுதியில்லை என்கிறது. புதுக் கணினி வாங்க வேண்டுமா?"

செயலி எட்டாம் தலைமுறை இன்டெல்லோ ஏஎம்டியின் ரைசன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ என்றால், அநேகமாக வேண்டியதில்லை; கீழே சொல்லும் சில அமைப்புகளை மாற்றினால் போதும். அதற்கு முந்தியது என்றால், விண்டோஸ் நிறுவும் யூஎஸ்பி தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருள் கொண்டு தடையைத் தாண்டும் வித்தை ஒன்று உலாவுகிறது. பிள்ளைகள் படிக்கும் கணினியில் அதை நான் செய்ய மாட்டேன். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுப்பேன். அது வேறு பதிவு.

"ஃபோர்மட் பண்ணித்தான் ஆகவேண்டும்" என்று யாராவது சொன்னால் கணினியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள். நம் வீடுகளில் கோயில் அறிக்கை முதல் சங்கக் கணக்கு வரை பாமினி எழுத்துருவில் கிடக்கின்றன. ஃபோர்மட் செய்தால் எழுத்துருவும் போய்விடும். பிறகு கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமே தெரியும்.

படி 1: முக்கியமான கோப்புகளை வெளி வன்தட்டில் கொப்பி எடுங்கள். யூபிஎஸ் இல்லாதவர்கள் ஒன்றை இரவலாவது வாங்குங்கள். படி 3இன் நடுவில் மின்சாரம் போனால் கணினி திரும்ப எழும்பாமலே போகலாம்.

படி 2: கணினி எழும்பும்போது டிலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தி பயோஸுக்குள், அதாவது தாய்ப்பலகையின் அமைப்புத் திரைக்குள் போங்கள். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி அங்கே இருக்கும்: இன்டெல் என்றால் பிடிடி, ஏஎம்டி என்றால் எஃப்டிபிஎம் என்ற பெயரில். அதை இயக்கிச் சேமியுங்கள். இப்போதைக்கு வேறெதையும் தொடாதீர்கள்.

படி 3: பலர் கைவிடும் இடம் இதுதான். 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' திறந்து பயோஸ் மோட் என்ற வரியைப் பாருங்கள். யூஇஎஃப்ஐ (கணினி எழும்பும் புதிய முறை) என்றால் படி 4க்குத் தாவலாம். லெகசி (பழைய முறை) என்றால் வன்தட்டு பெரும்பாலும் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருக்கிறது. அதை ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறைக்கு மாற்றாமல், நம்பகமான மென்பொருளை மட்டும் எழும்பவிடும் செக்யூர் பூட்டை இயக்கினால் விண்டோஸ் எழும்பாது.

மாற்றும் கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. கட்டண மென்பொருள் எதுவும் வேண்டாம். கமாண்ட் ப்ராம்ப்டை நிர்வாகியாகத் திறந்து, எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலவ்ஃபுல்ஓஎஸ் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் (mbr2gpt /validate /allowFullOS) தட்டுங்கள். இது சோதனை மட்டுமே. வெற்றி என்று வந்தால், வேலிடேட் இருந்த இடத்தில் கன்வேர்ட் (convert) என்று போட்டு மீண்டும் இயக்குங்கள்.

தோல்வி என்று வந்தால் வன்தட்டுப் பிரிவுகளைக் காட்டும் டிஸ்க் மெனேஜ்மென்டைத் திறந்து பாருங்கள். வன்தட்டை சீ, டீ, ஈ, எஃப் என்று கூறுபோட்டுக் கொடுப்பது நம் கடைகளின் நெடுநாள் வழக்கம். இந்தக் கருவியோ மூன்று பிரைமரி பார்ட்டிஷன்களுக்கு (முதன்மைப் பிரிவுகளுக்கு) மேல் ஏற்காது. பல பிரிவுகளைத் தனக்குள் அடக்கும் எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன் ஒன்று இருந்தாலே மறுத்துவிடும். கடைசிப் பிரிவுகளில் உள்ளதை வெளி வன்தட்டுக்கு நகர்த்தி, அவற்றையும் அவற்றைச் சுற்றியுள்ள எக்ஸ்டெண்டட் பெட்டியையும் அழித்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். மாற்றம் முடிந்த பின் வேண்டுமானால் பிரித்துக்கொள்ளலாம். எனக்கென்றால் எஸ்எஸ்டியை இப்படித் துண்டாடுவதில் அர்த்தமே தெரியவில்லை.

படி 4: மறுபடி பயோஸ். பழைய லெகசி முறைக்கு இடம்கொடுக்கும் சிஎஸ்எம்மை அணைத்து, செக்யூர் பூட்டை இயக்குங்கள். சில தாய்ப்பலகைகளில் சிஎஸ்எம் அணைந்த பிறகே செக்யூர் பூட் கண்ணில் படும்.

படி 5: மைக்ரோசொஃப்ட் தளத்தின் விண்டோஸ் 11 இன்ஸ்டலேஷன் அசிஸ்டன்டை இறக்கி ஓடவிடுங்கள். பல ஜிபி இறங்கும். உங்கள் இணையப் பொதியில் இரவு டேட்டா தனியாக இருந்தால் படுக்கப் போகும்முன் தொடங்குங்கள். கோப்புகளும் மென்பொருள்களும் எழுத்துருக்களும் அப்படியே இருக்கும். பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸில் இருந்தே பழையதற்குத் திரும்பலாம். அதுவரை பழைய விண்டோஸ் கோப்புறையை அழிக்காதீர்கள்.

பின்சேர்க்கை: படி 2க்குப் பிறகு மடிக்கணினி நீலத் திரையில், வன்தட்டை மறையாக்கிப் பூட்டும் பிட்லொக்கரின் மீட்பு எண்ணைக் கேட்டதாக ஒருவர் எழுதியிருந்தார். அந்த 48 இலக்க எண் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். பயோஸைத் தொடும் முன்பே எடுத்து எழுதிவையுங்கள்.

இன்னொருவருக்கு சிஎஸ்எம்மை அணைத்ததும் திரையே வரவில்லை. யூஇஎஃப்ஐ அறியாத பழைய கிராபிக்ஸ் அட்டைகள் இப்படித்தான் செய்யும். செயலியிலேயே கிராபிக்ஸ் இருந்தால் அட்டையைக் கழற்றிவிட்டு, திரையின் வயரைத் தாய்ப்பலகையில் செருகுங்கள்.