கைப்பேசிச் செயலியால் தோலின் நிறத்தைச் சரியாக அளப்பது எப்படி

ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் உள்ள தோல் தொழிற்சாலைகளில், சாயமேற்றிய தோலின் நிறத்தை மாதிரியோடு ஒப்பிட, வெளிச்சம் மாறாத விளக்குப் பெட்டியைப் பயன்படுத்துவார்கள். மனிதரின் மேனியை அளக்கும்போதும் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டியது வெளிச்சத்தைத்தான். எந்தச் செயலி என்பது அதற்குப் பிறகுதான்.

கைப்பேசிக் கேமரா, படம் பார்வைக்கு நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக, ஒளியளவையும் வெண்சமநிலையையும் (வெள்ளைப் பொருள் வெள்ளையாகவே தெரியும்படி நிறங்களைச் சரிசெய்வது) தானே மாற்றிக்கொள்ளும். ஆகவே அழகூட்டும் வசதி, எச்டிஆர் (வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களை ஒன்றாக இணைக்கும் வசதி), ஃபிளாஷ் ஆகியவற்றை நிறுத்திவிட்டு, ஒளியளவையும் வெண்சமநிலையையும் நாமே நிலைநிறுத்தக்கூடிய செயலியைத் தேர்ந்தெடுங்கள். கேமரா திருத்தாத மூலப் பதிவான ரா கோப்பாகச் சேமிக்க முடிந்தால் இன்னும் நல்லது.

வேலூர் வெயிலில் நடந்து வந்தவரை உடனே அளக்கக் கூடாது. ரத்த ஓட்டம் மிகுந்து தோல் சிவந்திருக்கும் என்பதால், கால்மணி நேரமாவது நிழலில் அமரச் செய்யுங்கள். தேங்காய் எண்ணெயின் பளபளப்பும் அளவைக் கெடுக்கும். மஞ்சள் பூசிய இடமோ கழுவிய பிறகும் சாயம் விடாது. இயற்கையான நிறத்தை அறிய, வெயில் அதிகம் படாத மேல்கையின் உட்புறமே ஏற்றது. பச்சையோ நீலமோ அடித்த சுவரை விட்டு விலகி நில்லுங்கள், அந்நிறம் எதிரொளித்துத் தோலிலும் படியும்.

ஒளியில் 18 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டையைத் தோலை ஒட்டி, அதே தளத்தில் வைத்துப் படமெடுத்து, அதைக் கொண்டு வெண்சமநிலையைத் திருத்துங்கள். வெள்ளைத் தாள் இதற்கு ஈடாகாது. பல தாள்களில் வெண்மையூட்டும் வேதிப்பொருள் கலந்திருப்பதால் அவை சற்று நீலமாக ஒளிரும்.

செயலி தரும் சிவப்பு, பச்சை, நீல எண்களை அப்படியே குறித்துக்கொள்ளாமல், 1976இல் வகுக்கப்பட்ட எல், ஏ, பி என்னும் நிற அளவுகளாக மாற்றுங்கள். எல் என்பது வெளிர்மை, ஏ சிவப்பு, பி மஞ்சள். எல்லிலிருந்து 50ஐக் கழித்து, பியால் வகுத்து, அந்த ஈவின் நேர்மாறு டேன்ஜென்ட்டைக் கண்டால், தோலின் நிற வகையைக் காட்டும் ஒரு கோணம் கிடைக்கும். எல் 45, பி 18 என்றால் அது ஏறத்தாழ −15.5 பாகை, 10க்கும் −30க்கும் இடைப்பட்ட இக்கோணம் பழுப்பு வகையைக் குறிக்கும். ‘மாநிறம்’ என்று எழுதி வைப்பதைவிட இந்த எண்ணே பயனுள்ளது, ஏனெனில் ஒருவர் மாநிறம் என்பதை இன்னொருவர் கறுப்பு என்பார்.

வெண்புள்ளி போன்ற மாற்றத்தைத் தொடர்ந்து கவனிப்பவர்கள், புள்ளியும் பக்கத்துத் தோலும் ஒரே படத்தில் வரும்படி எடுத்து, இரண்டின் வேறுபாட்டை மட்டும் மாதந்தோறும் குறியுங்கள். வெளிச்சத்தின் சிறு பிழை இரண்டையும் ஒன்றுபோலவே பாதிப்பதால், தனி அளவைவிட வேறுபாடே நம்பத்தக்கது. உணர்ச்சி குறைந்த தேமல் இருந்தால் செயலியை ஒதுக்கிவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள், அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம்.

ஒவ்வொரு முறையும் மூன்று படங்கள் எடுத்துச் சராசரி காணுங்கள். தேதி, நேரம், இடம், கைப்பேசி மாதிரி ஆகியவற்றையும் உடன் எழுதுங்கள், கைப்பேசி மாறினால் பழைய எண்களோடு புதியவற்றை நேராக ஒப்பிட முடியாது.