டெஸ்க்டாப்பில் கூடுதல் ரேம் மாட்டுவது எப்படி?

கணினி மெதுவாக ஓடுகிறது என்றதும் "ரேமைக் கூட்டு" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பல நேரம் அது சரியாகவே இருக்கும். சில நேரம் வீண் செலவு. அதனால் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்கு முன், குறை ரேமில்தானா என்று பார்த்துவிடுவோம்.

1. முதலில் அளந்து பாருங்கள்

நீங்கள் வழக்கமாக ஒரே நேரத்தில் எதையெல்லாம் திறந்து வைப்பீர்களோ, அத்தனையையும் திறந்துகொள்ளுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைச் (ரேமைத்தான் அப்படிக் குறிப்பிடுகிறார்கள்) சொடுக்குங்கள். பயன்பாடு 85, 90 சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றால் ரேம் போதவில்லை. மெமரி 50 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 காட்டுகிறதா? அப்படியானால் பழைய ஹார்ட் டிஸ்க்தான் இழுக்கிறது; அதை எஸ்.எஸ்.டி.யாக மாற்றுங்கள், ரேம் வேண்டாம். இரண்டுமே உச்சத்தில் இருந்தால் ரேமிலிருந்து தொடங்கலாம். ரேம் நிரம்பியதும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்கில் கொண்டுபோய் வைக்கும். டிஸ்க் திணறுவதே அதனால் இருக்கக்கூடும்.

அதே பக்கத்தின் அடியில் ரேமின் வேகமும், மொத்த ஸ்லாட்டுகளில் (ரேமைச் செருகும் இடங்கள்) எத்தனை நிரம்பியுள்ளன என்பதும் இருக்கும். குறித்துக்கொள்ளுங்கள். கூடவே, உங்கள் விண்டோஸ் 64 பிட்டா என்றும் பாருங்கள். சாதாரண 32 பிட் விண்டோஸ் 4 ஜிபிக்கு மேல் தொடாது. அதில் 16 ஜிபி மாட்டினாலும் பயனில்லை.

2. சரியான ரேமை வாங்குங்கள்

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்ற ரேம் வகைகள் மூன்றும் ஒன்றுக்கு ஒன்று மாற்றாகாது. டெஸ்க்டாப் டிடிஆர்3-இல் 240 பின்கள். மற்ற இரண்டிலும் 288. பின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறதே என்று டிடிஆர்5-ஐ டிடிஆர்4 ஸ்லாட்டில் மாட்ட முடியாது. அடியில் உள்ள சிறு வெட்டு வேறு இடத்தில் இருக்கும். மின்னழுத்தமும் வேறு: டிடிஆர்4-க்கு 1.2 வோல்ட், டிடிஆர்5-க்கு 1.1 வோல்ட். மதர்போர்டு (எல்லா பாகங்களும் இணையும் முதன்மைப் பலகை) எந்த வகையை ஏற்கும், அதிகபட்சம் எத்தனை ஜிபி தாங்கும் என்பதை அதன் மாடல் எண்ணை வைத்து தயாரிப்பாளர் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

16 ஜிபி வேண்டுமென்றால் ஒரே 16-ஐவிட 8, 8 என ஒரு ஜோடி வாங்குவது நல்லது. பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே உள்ள இரண்டு வழித்தடங்களிலும் தரவு ஒரே நேரத்தில் போகும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினியில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். வேறு வேறு வேகம் உள்ளவற்றைக் கலந்தால் எல்லாமே மெதுவானதன் வேகத்துக்கு இறங்கிவிடும். சில சமயம் அந்தக் கலவை ஒத்துப்போகாமலும் போகும்.

3. மாட்டுதல்

ஸ்லீப்பில் வைத்தால் போதாது. முழுக்க ஷட் டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்குங்கள். பிறகு பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரம் வெளியேறும். கேபினெட்டைப் படுக்கவைத்து பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள். ரேமை எடுக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் அதில் இறங்கிவிடும். ரேமை ஓரங்களில் மட்டும் பிடியுங்கள், பொன்னிறப் பின்கள் மேல் விரல் படக்கூடாது.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் 2, 4 ஆகியவைதான் பெரும்பாலும் ஜோடிக்கு உரியவை. அருகருகே மாட்டிவிடுவதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் தவறு. கணினி ஓடும், ஆனால் ஜோடியாக வேலை செய்யாது.

ஸ்லாட்டின் கிளிப்பைத் திறங்கள். சில போர்டுகளில் இரு முனையிலும் கிளிப் இருக்கும், சிலவற்றில் ஒரு முனையில் மட்டும். ரேமின் வெட்டை ஸ்லாட்டில் உள்ள மேட்டுக்கு நேராக வையுங்கள். பொருந்தவில்லையென்றால் திருப்பிப் பாருங்கள். அழுத்திப் பார்க்க வேண்டாம். பொருந்தியதும் இரு கட்டைவிரல்களையும் இரு முனையில் வைத்து, "டக்" என்று கிளிப் தானாக மூடும்வரை நேராக அழுத்துங்கள். எதிர்பார்ப்பதைவிடக் கூடுதல் பலம் தேவைப்படும், போர்டு லேசாக வளைவதுபோலத் தெரியும். அதைக் கண்டு பயந்து பாதியில் விட்டுவிட்டால் ஒரு முனை ஒரு மில்லிமீட்டர் தூக்கியபடி நிற்கும். பக்கவாட்டிலிருந்து பாருங்கள்: பொன்னிறக் கோடு ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால் இன்னும் இறங்கவில்லை.

4. திரை வரவில்லையா?

டிடிஆர்5 என்றால் பொறுங்கள். முதல் முறை போர்டு ரேமோடு ஒத்திசைந்துகொள்ளச் சில நிமிடங்கள்கூட ஆகும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். இடையில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து. மற்றபடி, பீப் சத்தமோ வெற்றுத் திரையோ வந்தால் பெரும்பாலும் ரேம் சரியாக உட்காரவில்லை என்றே பொருள். மின்சாரத்தைத் துண்டித்து, கழற்றி மாட்டுங்கள். அப்படியும் வரவில்லையென்றால் ஒன்றை மட்டும் வைத்துப் பாருங்கள், பிறகு மற்றதை. எது கோளாறு, ரேமா ஸ்லாட்டா என்பது இதில் பிடிபட்டுவிடும். கை பட்டு வேறு கேபிள் எதுவும் தளர்ந்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை. பின்களை அழிரப்பரால் தேய்க்கும் பழக்கம் உண்டு. அதன் துகள் ஸ்லாட்டுக்குள் போய் உட்காரும். அதைவிட, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட, நூல்துகள் உதிராத துணியால் துடைப்பது நல்லது.

5. வேகத்தைச் சரிபாருங்கள்

3200 என்று வாங்கியது டாஸ்க் மேனேஜரில் 2133 அல்லது 2400 காட்டினால் ஏமாந்துவிடவில்லை. பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கும்வரை பல ரேம்கள் அடிப்படை வேகத்தில்தான் ஓடும். சிபியு-இசட் போன்ற மென்பொருள் 1600 காட்டினாலும் கவலை வேண்டாம். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தரவு போவதால் அது 3200-இன் பாதியைக் காட்டுகிறது. எக்ஸ்எம்பியையோ எக்ஸ்போவையோ இயக்கிய பின் கணினி அடிக்கடி உறைந்தால் அந்த அமைப்பை அணைத்துவிட்டு, விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை ஓட விடுங்கள்.

லேப்டாப்புக்கு எஸ்ஓ-டிம் எனும் குட்டை ரேம். சாய்வாகச் செருகி, கிளிப் பிடிக்கும்வரை கீழே அமுக்க வேண்டும்; அதற்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். மெல்லிய மாடல்கள் பலவற்றில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மாட்ட இடமே இல்லை. வாங்கும்போது எவ்வளவோ, கடைசிவரை அவ்வளவுதான்.