முதல் ஸ்லைடுக்கு ஆண் புழுவே நல்லது

பழ ஈயில் ஹிஸ்டோன் குறிகளும் (டிஎன்ஏ சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் ஒட்டும் வேதிக் குறிகள்) குரோமாட்டின் மடிப்பும் (டிஎன்ஏ-வும் அந்தப் புரதங்களும் சேர்ந்த இழையின் மடிப்பு) எப்படிச் சேர்ந்து நிற்கின்றன என்று கண்ணால் பார்க்க அந்த ஈயின் ஒரு புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பி போதும். அங்கே குரோமோசோம்கள் பிரியாமலே ஏறத்தாழ ஆயிரம் இழையாகப் பெருகி, வரிவரியான தடித்த கயிறாகக் கிடக்கும்.

புழு கொழுத்திருக்க வேண்டும். 18 டிகிரியில், நெரிசல் இல்லாமல், ஈஸ்ட் தாராளமாகப் போட்டு வளர்த்து, குப்பிச் சுவரில் ஏறத் தொடங்கியதும் எடுங்கள். உடலின் பின்பாதியில் தோலுக்கடியில் கண்ணாடிபோல் பெரிய நீள்வட்டம் தெரிந்தால் ஆண். பெண்ணுக்கு அது கடுகளவுதான்.

ஏன் ஆண்? அதன் ஒற்றை எக்ஸ் குரோமோசோம், பெண்ணின் இரண்டு எக்ஸின் வேலையைச் செய்தாக வேண்டும். அதனால் மோஃப் என்ற நொதி அந்த எக்ஸ் நெடுகிலும் எச்4 ஹிஸ்டோனின் 16-வது அமினோ அமிலமான லைசினில் அசிட்டைல் குறி இடுகிறது. அந்தக் குறியைப் பற்றும் ஆன்டிபாடியை ஒளிரும் சாயத்தோடு போட்டால் ஒரு கயிறு மட்டும் பளிச்சென்று எரியும். எரியாவிட்டால் கோளாறு ஈயிடம் இல்லை, உங்கள் கையில்.

வாய்க்கொக்கியைப் பிடித்து இழுத்தால் சுரப்பி கூடவே வரும், கொழுப்பைக் களைந்துவிடுங்கள். ஃபார்மால்டிஹைடில் சிறிது நேரம், அப்புறம் ஃபார்மால்டிஹைடு கலந்த 45 சதவீத அசிட்டிக் அமிலத்தில் இரண்டு மூன்று நிமிடம். அதற்கு மேல் வேண்டாம், அமிலம் ஹிஸ்டோனையே உருவிவிடும். ஒருமுறை போன் பேசிக்கொண்டே பத்து நிமிடம் விட்டுவிட்டேன். குரோமோசோம் அழகாக விரிந்தது, ஒளிதான் இல்லை.

கவர்ஸ்லிப்பைப் பென்சில் முனையால் தட்டிவிட்டு, கட்டைவிரலால் நேர்கீழாக அழுத்துங்கள். பக்கவாட்டில் நழுவினால் அந்த ஸ்லைடு போச்சு. திரவ நைட்ரஜனில் உறையவைத்து, பிளேடால் கவர்ஸ்லிப்பைத் தெறிக்கவிட்டு, ஆன்டிபாடியில் இரவு முழுக்க 4 டிகிரியில் வையுங்கள்.

அது சரியாக வந்த பிறகு இன்னொரு ஹிஸ்டோனான எச்3-இன் 9-வது லைசினில் உள்ள மெத்தில் குறிக்குப் போகலாம். கயிறுகள் எல்லாம் கூடும் முடிச்சான குரோமோசென்டரும் குட்டி நான்காவது குரோமோசோமும் ஒளிரும். அந்தக் குறியைப் பற்றிக்கொள்ளும் எச்பி1 புரதம்தான் அங்கே குரோமாட்டினை இறுக்க உதவுகிறது. எச்3-இன் 27-வது லைசினின் மெத்தில் குறியோ குரோமோசோம் கைகளில் ஆங்காங்கே வரிகளாக வரும். அது மரபணுக்களை அடக்கிவைக்கும் பாலிகோம்ப் புரதக் கூட்டத்தின் வேலை.

குறியும் இறுக்கமும் ஒரே இடத்தில் தெரிவதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். குறி இடும் நொதியை இழந்த ஈயைப் பக்கத்தில் வையுங்கள். 9-வது லைசினில் குறி இடும் எஸ்யு(வார்)3-9 நொதி இல்லாத புழுவில் குரோமோசென்டரில் அந்தக் குறி பெரும்பாலும் மங்கிவிடும், எச்பி1-உம் அங்கிருந்து குறையும். நான்காவதில் மட்டும் ஒளி நிற்கும். அங்கே குறி இடுவது எக்லெஸ் என்ற வேறு நொதி.