பம்ப் வாங்கும் முன் பிஸ்டனைப் பாருங்கள்

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் பழைய பம்புக்குப் பஞ்சமே கிடையாது. அதில் ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். "அண்ணா, ஃபிளேஞ்ச் (எஞ்சினோடு போல்ட் போட்டு இணைக்கும் விளிம்பு) கச்சிதமாக உட்காருகிறது. ஆனால் ஜெனரேட்டர் கரும்புகை கக்குகிறது." போல்ட் துளை ஒத்துப்போனால் போதும் என்று பம்பை ஏற்றுவது, பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துத் தாலி கட்டுவது மாதிரி.

கணக்கை எஞ்சினிலிருந்து தொடங்குங்கள். 40 கிலோவாட் தரும் நான்கு சிலிண்டர் ஜெனரேட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு யூனிட்டுக்கு 220 கிராம் டீசல் என்றால், மணிக்கு 8.8 கிலோ, சுமார் 10.6 லிட்டர். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் முனைதான் நாசில். ஒவ்வொன்றும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை பீய்ச்சும் என்பதால், 1500 ஆர்.பி.எம்.மில் நான்கு நாசிலும் சேர்ந்து மணிக்கு 1,80,000 முறை பீய்ச்சும். வகுத்துப் பார்த்தால் ஒரு முறைக்கு 59 கன மில்லிமீட்டர். பம்பை ஓட்டிச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சில் ஆயிரம் ஸ்ட்ரோக்குக்கு ஒவ்வொரு கண்ணாடிக் குழாயிலும் 59 மில்லி நிற்க வேண்டும். பம்புக்குள் டீசலைத் தள்ளும் தண்டு பிளஞ்சர்; 9 மில்லிமீட்டர் பிளஞ்சருக்குப் பதில் 10 போட்டால் அதே ஸ்ட்ரோக்கில் 23 சதவீதம் கூடுதலாகப் போகும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரேக்கைக் குறைத்து அளவைச் சரிக்கட்டிவிடலாம். ஆனால் டீசல் பாயும் வேகம் கூடியது கூடியதுதான், எஞ்சின் தட்டும்.

பம்பின் தகட்டில் மைக்கோ என்று இருந்தால் குழம்ப வேண்டாம். 2008-ல் பாஷ் என்று பெயர் மாறிய அதே கம்பெனிதான். பழைய கைகளுக்கு இன்றும் அது மைக்கோதான். தகட்டில் உள்ள எண்ணை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நாசில். டீசல் முதலில் எரியத் தொடங்கும் சிறு முன்னறை உள்ள பழைய எஞ்சினுக்கு ஒற்றைத் துளை பின்டில் நாசில். 100 முதல் 150 பார் அழுத்தத்துக்குள் திறக்கும். பிஸ்டன் தலையில் உள்ள குழியில் நேரடியாகப் பீய்ச்சும் எஞ்சினுக்குப் பல துளை நாசில். 200 பாருக்கு மேல். அதன் உடம்பில் 'டிஎல்எல்ஏ 150 பி' என்று பொறித்திருந்தால், 150 என்பது தெளிப்புக் கூம்பின் கோணம். குழி அகன்றதா ஆழமானதா, காற்று எவ்வளவு சுழல்கிறது என்பதைப் பார்த்துத்தான் கோணத்தையும் துளை எண்ணிக்கையையும் தீர்மானித்திருப்பார்கள்.

எல்லாம் சரியான பிறகும் புகை வந்தால், நாசிலைத் தாங்கும் இன்ஜெக்டரைக் கழற்றி, அது இருந்த துளைக்குள் டார்ச் அடியுங்கள். பழைய செப்பு வாஷர் கரியோடு கரியாக அடியில் ஒட்டியிருக்கும்; அதன்மேலேயே புதியதையும் போட்டிருப்பார்கள். நாசில் ஒரு வாஷர் உயரம் மேலேறி, டீசல் குழிக்குள் விழாமல் விளிம்பில் அடிக்கும். வளைத்த கம்பியால் பழையதைக் கொக்கி போட்டு எடுங்கள். இந்த இரட்டை வாஷருக்காகவே நல்ல பம்புகள் பல வீணாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன.

பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் குழாயை யாரும் மதிப்பதில்லை. டீசலில் அழுத்த அலை நொடிக்குச் சுமார் 1400 மீட்டர் ஓடும். 60 சென்டிமீட்டர் குழாயைக் கடப்பதற்குள் 1500 ஆர்.பி.எம்.மில் கிராங்க் ஏறக்குறைய 4 டிகிரி திரும்பிவிடும். ஆகவே நான்கு குழாயும் ஒரே நீளம், ஒரே உள்விட்டம். பம்பிலிருந்து டீசல் வெளியேறும் இடத்தில் உள்ள டெலிவரி வால்வு அந்தக் குழாய்க்கு ஏற்றதாக இல்லாவிட்டால், அலை எதிரொலித்து நாசிலை மறுபடி திறக்கும். அந்தச் சொட்டு எரியாமல் கரியாகும்.

லாரியில் இருந்த பம்பை ஜெனரேட்டருக்கு மாற்றினால், எஞ்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரையும் மாற்றியாக வேண்டும். ஐடிலையும் (சுமையில்லாத குறைந்த வேகம்) உச்ச வேகத்தையும் மட்டும் கட்டுப்படுத்தும் கவர்னர், மின்சாரத்துக்குத் தேவையான 50 ஹெர்ட்ஸைப் பிடித்து நிறுத்தாது.

எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயிலில் இந்த வேலை பாதி ஈசியூ என்ற எஞ்சின் கணினிக்குப் போய்விட்டது. பல இன்ஜெக்டர்களின் தலையில் ஒரு குறியீடு (கோட்) இருக்கும். புதிதாகப் போட்டால், எந்த சிலிண்டரோ அதற்கு நேராக ஸ்கேனரில் அதைப் பதிந்த பிறகே வண்டியை ஒப்படையுங்கள்.