வேடனா, மானா? ஓரியனைக் கண்டுபிடிக்கும் முறை

பொங்கல் முடிந்த வாரத்தில், நிலவில்லாத ஓர் இரவில் ஏழரை மணியளவில் மொட்டைமாடிக்குச் சென்று கிழக்குப் பார்த்து நில்லுங்கள். கைபேசியைக் கீழேயே வைத்துவிட்டுப் போவது நல்லது. அதன் வெளிச்சம் பட்ட கண் மறுபடி இருட்டுக்குப் பழகப் பதினைந்து நிமிடமாவது பிடிக்கும்.

படி 1. அடிவானத்துக்கும் உச்சிக்கும் ஏறத்தாழ நடுவில், ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி நிற்கும் மூன்று விண்மீன்களைத் தேடுங்கள். ஓரியன் என்னும் விண்மீன் கூட்டத்தைக் கிரேக்கர் தம் கதையில் வரும் ஒரு வேடனாகக் கண்டனர்; அவனுடைய இடைக்கச்சை இதுதான். இந்நேரத்தில் அவன் தலை இடப்பக்கம் இருக்க, ஒருக்களித்துப் படுத்திருப்பான்.

படி 2. கச்சைக்கு இடப்புறம் செம்மையாக ஒளிர்வது நம் திருவாதிரை. வலப்புறம் நீலவெண்மையாக ஒளிர்வது ரைஜல். ரைஜல் என்பது பாதத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. திருவாதிரையை அரேபியர் ‘யத் அல்-ஜவ்ஸா’, அதாவது ஜவ்ஸாவின் கை, என்றனர்; ஜவ்ஸா என்பது இந்த உருவத்துக்கு அவர்கள் இட்ட பெயர். அரபு எழுத்தில், சொல்லின் தொடக்கத்தில் வரும் ‘ய’வுக்கு அடியில் இரண்டு புள்ளி, ‘ப’வுக்கு ஒரே புள்ளி. இலத்தீனில் பெயர்த்தபோது இரண்டை ஒன்றாகப் படித்துவிட்டதால்தான் இன்று உலகம் அதைப் ‘பெட்டல்ஜூஸ்’ என்கிறது. ஒரு புள்ளி செய்த வேலை!

படி 3. மூன்று மீன்களையும் இணைக்கும் கோட்டை மேல்நோக்கி நீட்டினால் ரோகிணியும், அதையும் தாண்டிக் கொத்தாகக் கார்த்திகையும் வரும். கார்த்திகையின் பின்னே வருவதால் ரோகிணிக்கு ‘பின்தொடர்வது’ எனப் பொருள்படும் ஆல்டெபரான் என்ற அரபுப் பெயர் அமைந்தது. கார்த்திகையைச் சங்கப் பாடல் அறுமீன் என்கிறது. ஏழு சகோதரிகள் என்ற கிரேக்கரோ, ஒருத்தி வெட்கத்தால் மறைந்துகொண்டாள் என்று கதை கட்டிக் கணக்கைச் சரிசெய்தனர்.

படி 4. அதே கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால், இரவு வானின் மிகப் பிரகாசமான விண்மீனாகிய சிரியஸில் முடியும். ஐதரேய பிராமணம் என்னும் வேதகால நூலின் கதையில் சிரியஸ்தான் வேடன். மான் வடிவெடுத்துத் தன் மகள் ரோகிணியைத் துரத்திய பிரஜாபதி என்னும் படைப்புக் கடவுளை அவன் எய்து வீழ்த்த, மூன்று கணுக்கள் கொண்ட அம்பே அந்த மூன்று மீன்களாயிற்று. கிரேக்கரின் வேடன் இங்கே மானாகிவிடுகிறான். வேடன், அம்பு, ரோகிணி ஆகிய மூன்றும் உண்மையிலேயே ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்திருப்பதால், வழி கண்டுபிடிக்க எனக்கு இந்தக் கதையே கைகொடுக்கிறது.

படி 5. மானின் தலையான மிருகசீரிடம், திருவாதிரைக்குச் சற்று மேலே இடப்புறமாக, மங்கலான மூன்று புள்ளிகளாக இருக்கும். நேராக உற்றுப் பார்த்தால் நழுவும். பார்வையைக் கொஞ்சம் ஓரமாக வைத்தால் தெரியும்.