வால்வில் கிருமி: முதல் தவறு மாத்திரையில்

இரண்டு வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். சளி இல்லை, இருமல் இல்லை. ஐந்து நாள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டதும் இறங்கிவிடுகிறது. மாத்திரை முடிந்த சில நாளில் திரும்ப எட்டிப் பார்க்கிறது, ராத்திரி வியர்வையோடு. இதய வால்வில் கிருமி தொற்றியவர்கள் பலரின் கதை இப்படித்தான் ஆரம்பிக்கிறது. முதல் தவறும் அந்த ஐந்து நாள் மாத்திரையில்தான் இருக்கிறது.

வால்வு மெல்லிய சவ்வு. அதற்குள் ரத்தக் குழாய்கள் இல்லை என்றே சொல்லலாம். ரத்தத்தோடு வரும் பாக்டீரியா அதில் ஒட்டிக்கொண்டால், மேலே ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களும் ஃபைப்ரின் இழைகளும் படிந்து மரு போல ஒரு திரள் வளர்கிறது. உள்ளே பதுங்கிய கிருமியை வெள்ளணுக்களால் நெருங்க முடிவதில்லை. ஐந்து நாள் மாத்திரை ரத்தத்தில் மிதப்பவற்றைக் குறைக்கும், காய்ச்சலும் அடங்கும். திரளின் அடியில் இருப்பவை அசையாது. அந்தச் சமயத்தில் ரத்தம் எடுத்துக் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) வைத்தால் ‘எதுவும் வளரவில்லை’ என்று ரிப்போர்ட் வரலாம். எதிரி யாரென்று தெரியாமலே பல வாரத்துக்கு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டிய சங்கடம் மருத்துவருக்கு.

ஆகவே கல்ச்சர் முதலில், ஆன்டிபயாடிக் அப்புறம். அதுவும் ஒரே தடவை எடுத்தால் போதாது. வெவ்வேறு இடத்தில் குத்தி மூன்று முறை எடுப்பார்கள். பெரியவர்களுக்கு ஒரு குப்பிக்கு 10 மில்லி வரை போகும். ‘இவ்வளவு ரத்தமா?’ என்று வீட்டார் முகம் சுளிப்பது வழக்கம். மூன்றிலும் ஒரே கிருமி வளர்ந்தால், அது தோலிலிருந்து ஊசியோடு வந்த கிருமி என்ற சந்தேகம் பெரும்பாலும் போய்விடும். அதற்காகத்தான் இத்தனை பாடு. ரத்த அழுத்தம் இறங்கி ஆள் துவண்டு கிடந்தால் மட்டும் கணக்கு வேறு: ரத்தத்தை எடுத்த கையோடு மருந்தை ஏற்றிவிட வேண்டும், ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கக் கூடாது.

‘எனக்கு வால்வில் பழுதே கிடையாதே’ என்பது அடுத்த தவறான நினைப்பு. இந்தத் தொற்று வருபவர்களில் கணிசமானவர்களுக்கு அதற்கு முன் வால்வு நோய் இருந்ததாகத் தெரியாது. பல் ஈறிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள் பொதுவாகப் பழுதான வால்வைத் தேடிப் போகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் அப்படியல்ல, நல்ல வால்விலும் உட்கார்ந்துகொள்ளும். டயாலிசிஸ் குழாய், பெரிய ரத்தக் குழாயில் செருகிய டியூப், பேஸ்மேக்கர் ஒயர், போதை ஊசி என்று அது உள்ளே வர வழிகள் ஏராளம். போதை ஊசி போடுபவர்களுக்குப் பெரும்பாலும் இதயத்தின் வலப்பக்க வால்வுதான் கெடும். அங்கிருந்து உடையும் துண்டுகள் நுரையீரலுக்குப் போவதால், அதை நிமோனியா என்று நினைத்து வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

பழுதுள்ளவர்கள் செய்யும் தவறு நேர்மாறானது: பல் பிடுங்கும் முன் ஒரு மாத்திரை போட்டால் பாதுகாப்பு முடிந்தது என்ற நம்பிக்கை. 2007-இல் அமெரிக்க இதய சங்கம் இந்த முன்தடுப்பை அதிக ஆபத்துள்ளவர்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. செயற்கை வால்வு வைத்தவர்கள், ஏற்கெனவே இந்தத் தொற்று வந்தவர்கள், சில வகைப் பிறவி இதய நோய் உள்ளவர்கள் அந்தப் பட்டியலில் உண்டு. சில நாடுகளில் ருமாட்டிக் வால்வு நோயையும் (தொண்டைத் தொற்றுக்குப் பின் வரும் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெடுவது) சேர்க்கிறார்கள் என்பதால், நீங்கள் எதில் சேர்த்தி என்று இதய மருத்துவரிடம் ஒரு தடவை கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வேளை மாத்திரையைவிட ஈறுதான் முக்கியம். ஈறு வீங்கி ரத்தம் கசிகிற வாயில் தினமும் பல் தேய்க்கும்போதும் மெல்லும்போதும் கிருமி ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கிறது. பல் பிடுங்குவதோ எப்போதோ ஒரு நாள்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ருமாட்டிக் காய்ச்சல் திரும்பாமல் இருக்க மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் பென்சிலின் ஊசி வேறு, பல் சிகிச்சைக்கு முன் தரும் மருந்து வேறு. ஊசி போட்டுக்கொள்கிறோமே, இது எதற்கு என்று விட்டுவிடக் கூடாது. பென்சிலினுக்குப் பழகிய கிருமிகள் அவர்கள் வாயில் இருக்கலாம் என்பதால், அந்த நேரத்தில் வேறு இன மருந்தைத் தருவார்கள். பல் மருத்துவரிடம் ஊசி விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எக்கோ (இதயத்தின் ஸ்கேன்) நார்மல் என்றதும் நிம்மதியாகிவிடுவதும் ஆபத்து. மார்பின் மேல் கருவியை வைத்துப் பார்க்கும் எக்கோவில் சிறிய திரள்கள் தப்பிவிடும். செயற்கை வால்வில் இன்னும் மோசம், வால்வின் நிழலே படத்தை மறைத்துவிடும். சந்தேகம் பலமாக இருந்தால் உணவுக் குழாய் வழியாகக் கருவியை இறக்கிப் பார்க்கும் எக்கோ தேவை; அதிலும் தெரியாவிட்டால் ஐந்து முதல் ஏழு நாளில் திரும்பப் பார்ப்பார்கள்.

திரளிலிருந்து ஒரு துண்டு மூளைக்குப் போனால் பக்கவாதம். அவசரப் பிரிவில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் முன், சில வாரமாகக் காய்ச்சல் இருந்தது என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். வால்வுத் தொற்றால் வந்த பக்கவாதத்தில் அந்த ஊசி மூளைக்குள் ரத்தக் கசிவை உண்டாக்கலாம்.

சிகிச்சை பொதுவாக நாலு முதல் ஆறு வாரம், பெரும்பகுதி ரத்தக் குழாயில் ஏற்றும் ஊசியாக. முதல் வாரத்திலேயே பெரும்பாலும் காய்ச்சல் போய்விடும், ‘வீட்டுக்குப் போகலாமா’ என்ற கேள்வியும் அப்போதே வரும். நிலை சீரானபின் சிலரை மாத்திரைக்கு மாற்றலாம் என்று டென்மார்க் ஆய்வு ஒன்று காட்டியது உண்மைதான், ஆனால் அது கவனமாகத் தேர்ந்தெடுத்த நோயாளிகளுக்கு. அதே போல, மூச்சு வாங்கி இதயம் திணறும்போது ‘மருந்து முடியட்டும், அப்புறம் ஆபரேஷன்’ என்று தள்ளிப்போடுவது வால்வையும் ஆளையும் சேர்த்து இழக்கும் வழி.

டிஸ்சார்ஜ் காகிதத்தில் கிருமியின் பெயர் இருக்கும். அதைப் படிக்காமல் ஃபைலில் வைத்துவிடாதீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலைட்டிகஸ் என்று இருந்தால், பெருங்குடலில் கட்டியோ புற்றுநோயோ இருக்கிறதா என்று கொலனோஸ்கோபி (குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) செய்து பார்க்கச் சொல்வார்கள். இதயம்தான் சரியாகிவிட்டதே, குடலுக்கு எதற்கு என்று பலர் அதைத் தட்டிக்கழித்துவிடுகிறார்கள்.