சீசன் டிக்கெட்டா, ஆட்டத்துக்கு ஆட்டமா? சிங்கப்பூர்க் காற்பந்து அரங்குகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீசன் தொடங்கச் சில மாதங்கள் இருக்கும்போதே காற்பந்துக் குழுக்களின் அலுவலகத்தில் ஒரு விவாதம் ஆரம்பித்துவிடும். அரங்கில் எத்தனை இருக்கைகளை சீசன் டிக்கெட்டுக்கு ஒதுக்குவது, எத்தனையை ஆட்டத்துக்கு ஆட்டம் விற்க வைத்துக்கொள்வது? சீசன் டிக்கெட் என்றால், அதாவது சீசன் முழுக்கச் சொந்த அரங்கில் நடக்கும் லீக் ஆட்டங்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே டிக்கெட் என்றால், பணம் முன்கூட்டியே கைக்கு வரும், மழை பெய்தாலும் குழு தோற்றாலும் அந்த வருமானம் போகாது. ஒற்றை ஆட்ட டிக்கெட் புது ஆட்களை உள்ளே கொண்டுவரும். இரண்டும் வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிழைகள் நடப்பது எவ்வளவு, எங்கே, என்ன விலைக்கு என்பதில்தான்.

சிங்கப்பூரில் இந்த வேலையைச் செய்பவர்களும், தொண்டூழியராக நுழைவாயிலில் நிற்பவர்களும், வருடா வருடம் டிக்கெட் வாங்கும் ரசிகர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய தவறுகள் இவை.

ஐரோப்பிய விகிதத்தை அப்படியே எடுத்துக்கொள்வது

ஜெர்மனியின் டோர்ட்மண்ட் அரங்கில் லீக் ஆட்டங்களுக்கு 81,365 பேருக்கு இடம் உண்டு. அதில் ஏறத்தாழ 55,000 இடங்கள் சீசன் டிக்கெட்காரர்களுடையவை. அதாவது மூன்றில் இரண்டு பங்கு. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்திருந்தால் அரங்கு முழுவதுமே சீசன் டிக்கெட்டாகப் போயிருக்கும். மற்றவர்களும் எப்போதாவது வந்து பார்க்கட்டும் என்றுதான் அங்கே வரம்பு வைத்திருக்கிறார்கள்.

இந்த மூன்றில் இரண்டு பங்கைப் பார்த்துவிட்டு, நாமும் அப்படிச் செய்யலாமே என்று இங்கே சிலர் சொல்வதுண்டு. ஜாலான் புசார் அரங்கில் சுமார் 6,000 இருக்கைகள். தெம்பனிஸ் ஹப் அரங்கில் சுமார் 5,000. சாதாரண லீக் ஆட்டத்துக்கு இவை நிரம்புவது அரிது. இப்போது வாங்காவிட்டால் இடம் கிடைக்காது என்ற பதற்றம் இங்கே ரசிகருக்கு இல்லை. ஆட்டத்தன்று மாலை எம்ஆர்டியில் வரும்போதே கைபேசியில் டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். அப்படியிருக்க அவர் சீசன் டிக்கெட் வாங்குகிறார் என்றால் குழுமீதுள்ள பற்று ஒரு காரணம், கொஞ்சம் மிச்சமாகும் என்பது இன்னொரு காரணம், வழக்கமான இடத்தில் வழக்கமான ஆட்களோடு உட்காரலாம் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் காப்பாற்றிக் கொடுக்கக்கூடிய அளவுக்குத்தான் சீசன் டிக்கெட் விற்க வேண்டும்.

சரி, அரங்குதான் நிரம்புவதில்லையே, எவ்வளவு விற்றால் என்ன? நிரம்பும் நாட்களும் இங்கே உண்டு. 2025 மே 18 அன்று ஆசியக் குழுக்களுக்கான ஏஎஃப்சி சாம்பியன்ஸ் லீக் டூ போட்டியின் இறுதியாட்டத்தில் நம் லயன் சிட்டி செய்லர்ஸ் குழு ஷார்ஜா குழுவைச் சந்தித்தபோது, பீஷான் அரங்கில் தற்காலிக இருக்கைகள் போட்டும் டிக்கெட்டுக்குத் தட்டுப்பாடு இருந்தது. அப்படிப்பட்ட இரவில்தான் முதன்முறையாக ஒருவர் உள்ளூர்க் காற்பந்தைப் பார்க்க ஆசைப்படுவார். அவருக்கு விற்க இருக்கை இல்லையென்றால், அடுத்த மாதம் சாதாரண லீக் ஆட்டத்துக்கு அவரை எப்படிக் கூப்பிடுவது?

விலையைக் குறைத்தால் எண்ணிக்கை கூடும் என்று நம்புவது

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக வைத்தவை. ஒரு குழுவுக்குச் சொந்த அரங்கில் 12 ஆட்டங்கள், ஒற்றை டிக்கெட் 10 வெள்ளி. வருடத்துக்கு 8 ஆட்டம் வரும் தீவிர ரசிகர்கள் 600 பேர். 2 ஆட்டம் மட்டும் வருபவர்கள் 2,000 பேர்.

சீசன் டிக்கெட்டை 50 வெள்ளிக்கு விற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த 600 பேரும் உடனே வாங்கிவிடுவார்கள். முன்பு ஆளுக்கு 80 வெள்ளி கொடுத்தவர்கள் இப்போது 50 கொடுக்கிறார்கள். குழுவுக்கு 18,000 வெள்ளி குறைகிறது. அதை ஈடுகட்ட வேண்டுமானால், 20 வெள்ளி செலவழித்துக்கொண்டிருந்தவர்களில் 600 பேர் 50 வெள்ளி கொடுத்து சீசன் டிக்கெட் வாங்க வேண்டும். 2,000 பேரில் 600 பேர், அதாவது பத்தில் மூன்று பேர். வருடத்துக்கு இரண்டு முறை வருபவர்களில் அத்தனை பேர் மாறுவார்கள் என்று நான் நம்பமாட்டேன். அப்படியே மாறினாலும் அவர்களில் பலர் அதே இரண்டு ஆட்டத்துக்குத்தான் வருவார்கள். மற்ற பத்து ஆட்டத்துக்கும் அந்த இருக்கை காலியாகக் கிடக்கும், அதை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது.

விலை 75 வெள்ளி என்றால்? 600 பேரிடம் ஆளுக்கு 5 வெள்ளி வீதம் 3,000 வெள்ளிதான் குறையும், பணமும் சீசனுக்கு முன்பே வந்துவிடும். உண்மையில் எத்தனை ஆட்டங்களுக்கு வருகிறார்களோ அத்தனைக்கும் ஆகும் ஒற்றை டிக்கெட் தொகைக்குச் சற்றே கீழே விலை வைப்பது நியாயமான இடம் என்பது என் கருத்து. அதற்கு முதலில் அவர்கள் எத்தனை முறை வருகிறார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும். விற்ற எண்ணிக்கையை மட்டும் எழுதிவைத்துவிட்டு, நுழைவாயிலில் ஸ்கேன் செய்த எண்ணிக்கையைப் பார்க்காமல் விடும் குழுவுக்கு இது தெரியவே தெரியாது.

ஆள் வராத இருக்கையைக் காலியாகவே விட்டுவிடுவது

நம் ஊரில் ஒரு சீசன் முழுக்க ஒரு ஆட்டம்கூட விடாமல் வருவது எளிதல்ல. இளைஞர்களுக்குத் தேசிய சேவை. அதை முடித்தவர்களுக்கு ரிசர்விஸ்ட் பயிற்சி வந்தால் இரண்டு வாரம் போய்விடும். ஷிஃப்ட் வேலை பார்ப்பவர்கள், பிள்ளைக்குப் பிஎஸ்எல்இ தேர்வு என்று வீட்டிலேயே இருப்பவர்கள், தீபாவளி நெருங்கினால் துணி எடுக்கத் தேக்காவுக்குப் போகிறவர்கள் என்று பட்டியல் நீளும்.

நுழைவாயிலில் நின்றவர்களுக்கு இந்தப் பேச்சு பழக்கமாகியிருக்கும்.

"தம்பி, இது எங்க அண்ணனோட சீசன் டிக்கெட். அவர் இன்னைக்கு நைட் ஷிஃப்ட். நான் போகலாமா?"

"அங்கிள், பேர் வேறயா இருக்கே. மேலே கேட்டுட்டு வரேன், கொஞ்சம் நில்லுங்க."

மேலே கேட்டால் ஒருவர் விடலாம் என்பார், இன்னொருவர் கூடாது என்பார். அதற்குள் பின்னால் வரிசை நீண்டுவிடும், உள்ளே ஆட்டம் தொடங்கியிருக்கும். சீசன் டிக்கெட்டை ஒரு ஆட்டத்துக்கு மட்டும் இன்னொருவர் பெயருக்கு மாற்றிக்கொடுக்க வழி வேண்டும். கைபேசியிலேயே மாற்றிக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது. அதற்குரிய விதி நுழைவாயிலில் நிற்கும் எல்லாருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

இன்னொரு வழி, இருக்கையைக் குழுவிடமே திருப்பிக் கொடுப்பது. ஸ்பெயினின் பார்சலோனா குழுவில் இந்த ஏற்பாடு பல வருடங்கள் இருந்திருக்கிறது. வர முடியாதவர் முன்கூட்டியே சொன்னால் குழு அந்த இருக்கையை விற்று, வருமானத்தில் ஒரு பங்கை அவருக்குத் தரும். ஜெர்மனியின் பயர்ன் மியூனிக் குழு வேறு வழியில் போகிறது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்டங்களுக்காவது அதைப் பயன்படுத்தியிருக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த சீசனில் அந்த டிக்கெட் அவருக்கு நிச்சயமில்லை. காத்திருப்போர் வரிசை நீளமாக இருக்கும் மியூனிக்குக்கு அந்தக் கண்டிப்பு பொருந்தும். இங்கே அப்படிச் செய்தால் இருக்கும் கொஞ்ச நஞ்ச ஆட்களும் போய்விடுவார்கள். நமக்கு ஏற்றது பார்சலோனாவின் வழிதான்.

ஆனால் டிக்கெட்டை இன்னொருவருக்கு மாற்றிக்கொடுக்கும் வசதிக்குக் கட்டுப்பாடும் வேண்டும். 2022 ஏப்ரலில் யூரோப்பா லீக் காலிறுதிக்கு ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் குழு பார்சலோனாவுக்குப் போனது. விருந்தினர் ரசிகர்களுக்கு ஒதுக்கிய இடம் 5,000. அரங்குக்குள் வெள்ளைச் சட்டையில் வந்த ஃபிராங்க்ஃபர்ட் ரசிகர்களோ 25,000 முதல் 30,000 பேர் வரை என்று மதிப்பிடப்பட்டது. சொந்த ரசிகர்களின் கையிலிருந்த டிக்கெட்டுகள் எப்படியெப்படியோ கைமாறியிருந்தன. பார்சலோனா சொந்த அரங்கிலேயே அந்நியர்போல ஆடி 2-3 என்று தோற்றது. அவமானமாக இருக்கிறது என்று குழுவின் தலைவர் வெளிப்படையாகவே சொன்னார். குடும்பத்துக்கும் நண்பருக்கும் டிக்கெட் கொடுப்பது வேறு, யார் வாங்குகிறார் என்றே தெரியாமல் விற்பது வேறு. குழுவின் தளம் வழியாக, பெயர் பதிவோடு மட்டுமே மாற்றம் என்று வைத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

நல்ல இருக்கைகள் எல்லாவற்றையும் ஒரே பக்கம் கொடுத்துவிடுவது

பல வட்டார அரங்குகளில் கூரை முதன்மைப் பகுதிக்கு மேல்தான் இருக்கிறது. சீசன் டிக்கெட்காரர்களைக் கௌரவிக்க வேண்டும் என்று அந்தப் பகுதி முழுவதையும் அவர்களுக்கே கொடுத்துவிட்டால், முதல் தடவை வரும் குடும்பம் திறந்த வெளியில் உட்காரும். சிங்கப்பூர் மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மின்னல் எச்சரிக்கை வந்தால் ஆட்டத்தை நிறுத்துவார்கள், ஆட்டக்காரர்கள் உள்ளே போய்விடுவார்கள். பார்க்க வந்தவர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஒதுங்க இடம் தேடி ஓட வேண்டும். எதிரே கூரைக்குக் கீழே சீசன் டிக்கெட் இருக்கைகள் பாதி காலியாக இருப்பது அவர்கள் கண்ணில் படும். அந்தக் குடும்பம் திரும்பி வருமா? கூரைப் பகுதியில் ஒரு பங்கையாவது ஒற்றை ஆட்டத்துக்கு வைத்திருக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த இன்னொரு தவறு வெளியே தெரியாது. சீசன் டிக்கெட் வாங்குபவரை எங்கு வேண்டுமானாலும் உட்கார விட்டால், வரிசைக்கு வரிசை அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கைகள் போய்விடும். மீதியிருப்பவை ஒற்றையும் இரட்டையுமாகச் சிதறிக் கிடக்கும். நம் குடும்பங்கள் எப்படி வருகின்றன என்று யோசித்துப் பாருங்கள். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், கூடவே தாத்தா, சித்தப்பா வீட்டுப் பையன். ஆறு பேர், ஆறும் பக்கத்துப் பக்கத்தில் வேண்டும். கணினியில் 900 இருக்கை காலி என்று காட்டும், சேர்ந்தாற்போல ஆறு கிடைக்காது. சீசன் டிக்கெட்டுக்கு என்று முழு வரிசைகளாக, முழுப் பிரிவுகளாக ஒதுக்கினால் இந்தத் தொல்லை தீரும்.

முன்பணம் கொடுத்தவர் கண்முன்னே இலவசமாகக் கொடுப்பது

என் மனதை மிகவும் உறுத்துவது இதுதான். சீசன் பாதியில் கூட்டம் குறைந்ததும் ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்பார்கள். அல்லது கட்டுக்கட்டாக இலவச டிக்கெட்டை சமூக மன்றங்களில் கொடுத்துவிடுவார்கள். சீசன் டிக்கெட் வாங்கியவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச்சுக் கொடுக்கும்போது, அவர் காசே கொடுக்காமல் வந்திருக்கிறார் என்று தெரியும். ஜனவரியிலோ ஆகஸ்டிலோ குழுவை நம்பிப் பணம் கட்டிய மனிதர் அடுத்த வருடம் ஏன் கட்ட வேண்டும்? காத்திருந்தால் சும்மா கிடைக்குமே.

இலவசமே கூடாது என்று சொல்லவில்லை. பள்ளிப் பிள்ளைகளை அழைத்து வருவது நல்ல காரியம், அவர்கள் போடும் சத்தத்தில்தான் பாதி அரங்கு உயிரோடு இருக்கிறது. அதற்குத் தனிப் பகுதி வைத்து, எந்தெந்த ஆட்டம் என்று சீசன் தொடக்கத்திலேயே அறிவித்துவிட்டால் யாருக்கும் வருத்தமிருக்காது. ஒற்றை டிக்கெட்டில் தள்ளுபடி கொடுக்கும்போதும், சீசன் டிக்கெட்டில் ஓர் ஆட்டத்துக்கு விழும் விலைக்குக் கீழே ஒருபோதும் இறங்கக்கூடாது.

அரங்கு யாருடையது என்பதை மறந்து வாக்குக் கொடுப்பது

இங்கே பெரும்பாலான குழுக்களுக்குச் சொந்த அரங்கு இல்லை. அரங்குகள் பொதுச் சொத்து, சிலவற்றை ஒன்றுக்கு மேற்பட்ட குழுக்கள் பகிர்ந்துகொள்கின்றன. புல்தரை பராமரிப்பு, வேறு நிகழ்ச்சி என்று ஏதாவது வந்தால் ஆட்டம் வேறிடம் போகும். தேசியக் குழுவுக்கே இது நடந்திருக்கிறது. 2024 ஆசியான் கிண்ணத்தில் சொந்த மண்ணில் நடந்த குழுநிலை ஆட்டங்களைக் காலாங்கில் 55,000 இருக்கை தேசிய விளையாட்டரங்கில் ஆடிய சிங்கப்பூர், டிசம்பர் 26 அன்று வியட்னாமுக்கு எதிரான அரையிறுதியின் முதல் ஆட்டத்தை ஜாலான் புசாரில் ஆட வேண்டியிருந்தது. 55,000 எங்கே, 6,000 எங்கே?

ஆகவே சீசன் டிக்கெட்டில் 'சி பிரிவு, 14ஆம் வரிசை, 7ஆம் இருக்கை' என்று எழுதிக் கொடுக்கும் முன், அரங்கு மாறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும். மாற்று அரங்கில் இதே தரத்தில் இடம் உண்டா? அது சிறிய அரங்கு என்றால் முதல் உரிமை யாருக்கு? கிண்ண ஆட்டங்களும் ஆசியப் போட்டிகளும் இதில் சேர்த்தியா? சேராது என்றால் பரவாயில்லை, ஆனால் பொது விற்பனைக்கு முன் சீசன் டிக்கெட்காரர்களுக்கு இரண்டு நாளாவது தனி அவகாசம் கொடுங்கள். வருடம் முழுக்க மழையில் வந்தவர் இறுதியாட்டத்தன்று வீட்டில் உட்கார்ந்து தொலைக்காட்சி பார்ப்பது நியாயமே இல்லை.

புதுப்பிக்கும் நேரத்தில் எல்லாருக்கும் ஒரே கடிதம்

சீசன் முடிந்து ஒரு மாதம் கழித்து, எல்லாருக்கும் ஒரே வாசகத்தில் ஒரு மின்னஞ்சல் போகும். 11 ஆட்டம் வந்தவருக்கும் அதேதான், 3 ஆட்டம் வந்தவருக்கும் அதேதான். மூன்று முறை வந்தவர் தம் செலவைக் கணக்குப் பார்ப்பார், நஷ்டம் என்று தெரியும், பதிலே போடமாட்டார். அவரை அதே டிக்கெட்டுக்கு வற்புறுத்தாமல், தமக்குப் பிடித்த ஐந்து ஆட்டங்களைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் தொகுப்பு டிக்கெட்டைக் காட்டலாம். விலை ஒற்றை டிக்கெட்டைவிடக் கொஞ்சம் குறைவு, சீசன் டிக்கெட்டின் ஓர் ஆட்ட விலையைவிடக் கொஞ்சம் அதிகம். குழுவுக்கு அவர் ஐந்து முறை வருகிறார், விட்டுக்கொடுத்த அவருடைய இருக்கையை மற்ற ஆட்டங்களுக்கு விற்றுக்கொள்ளலாம். பதினொரு முறை வந்தவருக்குத் தள்ளுபடியைவிட அவருடைய பழைய இருக்கை முக்கியம். கடைசி இரண்டு ஆட்டங்கள் மீதமிருக்கும்போதே, அவர் அரங்கில் இருக்கும் நேரமாகப் பார்த்து, யாராவது நேரில் போய்க் கேட்பது நல்லது: "அண்ணே, அடுத்த சீசனுக்கும் இதே சீட்தானே? எழுதிக்கட்டுமா?"